சும்மா கிடைத்த சங்கீதம்

எமது தங்கை வீட்டிலிருந்து அவசரமாக அழைப்பு வருமாயின், அது பெரும்பாலும் ஏதேனுமொரு வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லும்பொருட்டே இருக்கும். தாய்மாமன்மாருக்கு எங்கள் யாழ்ப்பாணத்தில் உள்ள சம்பளமில்லாத உத்தியோகங்களுள் இதுவும் ஒன்று. 2022ஆம் ஆண்டு பங்குனி மாதக் கடைசியிலே, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரையில் மின்சாரம் நின்றுபோன அந்தத் துன்ப நாட்களில், அத்தகைய அழைப்பொன்று வந்தது.

“அண்ணை, ஒருக்கால் வந்து இவனோடை கதைச்சுப்போட்டுப் போங்கோ. கரண்ட் வந்தவுடனை புத்தகத்தைத் தூக்காமல் கிற்றாரைத் தூக்கிறான். சோதினை வருகுது. நான் சொன்னால் கேக்கிறானில்லை” என்றாள் தங்கை.

பெற்றோல் கிடையாத காலம். துவிச்சக்கர வண்டியில் ஏறிக்கொண்டு, வழிநெடுகச் சொல்ல வேண்டிய புத்திமதிகளை ஒழுங்குபடுத்தியவாறு சென்றோம். கல்வியின் அருமை, கட்டாரில் உழைக்கும் தகப்பனின் கஷ்டம், காலம் பொன் போன்றது என்பன போன்ற பழைய சரக்குகள்தாம். எமக்கு எமது மாமன் சொன்னவை. அவருக்கு அவருடைய மாமன் சொல்லியிருப்பார்.

மருமகன் அறையில் இருந்தான். மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. எம்மைக் கண்டதும் எழுந்து கதிரையைத் தந்தான். நாம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்குமுன், “மாமா, நீங்கள் என்ன சொல்ல வந்தனீங்களெண்டு தெரியும். அதுக்கு முதல் இதை ஒருக்கால் கேளுங்கோ. ஒரு அஞ்சு நிமிசம்” என்று ஹெட்போனை எடுத்து எமது தலையில் மாட்டிவிட்டான். வந்த நீதிபதியைச் சாட்சிக்கூட்டில் ஏற்றிய கதையாயிற்று.

நாம் கேட்ட முதற் சத்தத்தை வாசகர்களுக்கு எவ்வாறு விளக்குவதென்று தெரியவில்லை. தகரக் கூரைமேல் மாரி மழை கொட்டும்போது, அடியிலே ஒருவர் மரம் அரிந்துகொண்டும், இன்னொருவர் இரும்புக் கதவைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டும் இருந்தால் எப்படியிருக்கும்? அரை நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றப்போன எமது கையைப் பையன் பிடித்துக்கொண்டான்.

“சத்தத்தைக் கேளாதையுங்கோ மாமா. தாளத்தைக் கேளுங்கோ. துடையிலை நாலு நாலாய்த் தட்டுங்கோ.”

அவனே எமது முழங்காலில் தட்டிக் காட்டினான். அப்போதுதான் அந்த இரைச்சலினுள்ளே ஒரு கணக்கு இருப்பது புலனாயிற்று. வெண்கலத் தட்டு நாலு நாலாகவே காலத்தை அளந்துகொண்டிருக்கின்றது. அதன்கீழே கிற்றாரும் பெரிய மேளமும் அந்த நாலுக்குள் அடங்காத வேறொரு கணக்கில் ஓடுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அது சற்றுத் தள்ளித் தள்ளி விழுகின்றது. தவறிப்போயிற்று, இனிச் சேராது என்று நாம் எண்ணும் நேரத்தில், இரண்டும் ஒரே அடியிற் சந்திக்கின்றன. சுவீடன் தேசத்து மெஷுகா என்னும் குழுவினர் 1987ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகளாய் வளர்த்தெடுத்த முறையாம் இது. அவர்களைப் பின்பற்றியோர் உலகெங்கும் உளர்.

எமக்கோ வேறோர் ஞாபகம் வந்தது. சிறுபிராயத்தில் தகப்பனாரின் தோளிலிருந்து கோயில் வீதியில் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டிருக்கிறோம். கூட்டத்திலுள்ள கிழவர்கள் கையிலே தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். தவிலோ எங்கெங்கோ போய்விடும். கிழவர்களின் முகங்களில் ஒரு பதைப்புத் தெரியும். பிறகு தீர்மானம் வந்து விழுந்தவுடன் அத்தனை பேரும் ஒருமித்து “ஆ!” என்பார்கள். அந்த மகா வித்துவான் 1975ஆம் ஆண்டிற் காலமானார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, மெழுகுதிரி மணக்கும் ஓர் அறையில், ஒகாயோ மாநிலத்து வெள்ளைக்காரர் ஒருவரின் இரும்புச் சத்தத்துக்கு எமது வாய் அதே “ஆ”வைச் சொல்லிற்று. இரண்டும் ஒன்றென்று சொல்ல நாம் வரவில்லை. வித்துவான்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

புத்திமதி அன்றைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

‘மெற்றல்’ என்று இளைஞர்கள் சொல்லும் இந்த இசையின் பிறப்பைப் பற்றி மருமகன் சொன்ன ஒரு கதையை இங்கே எழுதத்தான் வேண்டும். இங்கிலாந்தில் பேர்மிங்காம் நகரிலே ரோனி அயோமி என்றொரு வாலிபர் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தார். 1965ஆம் ஆண்டு, அவருக்கு 17 வயதாயிருக்கையில், அந்த வேலையை விட்டுப்போகும் கடைசி நாளன்று, இயந்திரம் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டின் நுனியைத் துண்டித்துவிட்டது. அவரோ இடக்கைக்காரர், தந்தியை அழுத்த வேண்டிய கையே அந்த வலக்கைதான். இனிக் கிற்றார் இல்லை என்று மனமுடைந்திருந்தவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஒருவர், தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பின்னரும் புகழோடு வாசித்த ஜாங்கோ ரெயின்ஹாட்டின் இசைத்தட்டொன்றைக் கொண்டுவந்து கொடுத்தாராம். அயோமி பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்தார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். இருட்டறைபோன்ற அந்தக் கனத்த நாதத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது. அவருடைய ‘பிளாக் சபத்’ குழுவின் முதல் இசைத்தட்டு 1970ஆம் ஆண்டு மாசி மாதம் வெளியாயிற்று. அக்குழுவினர் 2025ஆம் ஆண்டு ஆடி 5ஆந் திகதி அதே பேர்மிங்காமில் கடைசிக் கச்சேரி செய்ததையும், பாடகர் ஒசி ஒஸ்போன் அம்மாதம் 22ஆந் திகதியே மறைந்ததையும் பத்திரிகைகளிற் பலரும் படித்திருப்பர்.

அந்தக் கூட்டத்து இசை நாலைந்து பேர் சேர்ந்து மேடையில் முழக்குவது. அன்று நாம் கேட்டதோ ஒரேயொருவர் வீட்டிலிருந்து செய்தது. ‘கிளவுட்கிக்கர்’ என்று அதற்குப் பெயர். முகிலை உதைப்பவன் என்று பொருள் கொள்ளலாம். குழுவின் பெயர்போலத் தோன்றினும் அதனுள்ளே இருப்பவர் பென் ஷார்ப் என்னும் ஒருவர்தாம். அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரைச் சேர்ந்தவர். கிற்றாரை வாசித்துப் பதிவு செய்வார். அதன்மேல் இன்னொரு கிற்றார், அதன்மேல் வேறொன்று. மேளத்துக்கு ஆள் இல்லை. ஒவ்வோர் அடியையும் கணினியிலே குறித்து, கணினியைக் கொண்டே அடிப்பித்தார். பாட்டுக் குரல் கிடையாது, வாத்தியம் மட்டுந்தான். முதல் முழுத் தொகுதியாகிய ‘த டிஸ்கவரி’ 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிலிருந்து, செய்தவற்றை இணையத்திலே வைத்து, விரும்பியவர் விரும்பியதைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம், ஒன்றுங் கொடாமலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

“ஒன்றுங் கொடாமலா?” என்று கேட்டோம்.

மருமகன் பான்ட்காம்ப் என்னும் இணையக் கடையைத் திறந்து காட்டினான். 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கடை அது. இசை செய்தவரே தமது பொருளுக்கு விலை வைப்பார். விலை வைக்க மனமில்லாதவர் அந்த இடத்திற் பூச்சியத்தைப் போட்டுவிடுவார். அப்போது தோன்றும் கட்டத்தில் கேட்பவர் ஒரு தொகையை எழுத வேண்டும். “பூச்சியம் எண்டு போட்டாலும் தரும் மாமா” என்று சொல்லிக்கொண்டே பையன் பூச்சியத்தைத் தட்டினான். ஒரு முழுத் தொகுதி வந்து இறங்கிற்று.

“அப்படியெண்டால் இந்தப் பிள்ளை எதைக்கொண்டு சீவிக்கிறது?”

“இது அவற்றை சீவியமில்லை மாமா. அவருக்கு இது வேறை.”

வேறு என்றால் என்ன என்பதை அவனால் சொல்ல முடியவில்லை. நாமும் அன்று வற்புறுத்தவில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பூச்சியம் எம்மோடு கூடவே வந்தது. சும்மா கிடைப்பதில் ஏதோ பழுதிருக்கும் என்று எண்ணியே வளர்ந்தவர்கள் நாம். சந்தையிலே வெண்டிக்காயைச் சும்மா தந்தாலும் முறித்துப் பார்த்துத்தான் வாங்குவோம்.

இசைக்கும் காசுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நியாயம் பேச எமக்குப் பெரிய யோக்கியதையும் இல்லை. எண்பதுகளிலே யாழ்ப்பாணப் பட்டினத்து ‘றெக்கோடிங் பார்’களில், வேண்டிய பாட்டுகளைக் கடுதாசியிலே எழுதிக்கொடுத்து, கசற்றிலே பதிப்பித்துக்கொண்டு வந்தவர்களுள் நாமும் ஒருவர். பதிந்தவனுக்குக் கூலி கொடுத்தோம். கசற்றுக்கு விலை கொடுத்தோம். பாட்டைச் செய்தவருக்கு ஒரு சதமேனும் போகவில்லை. அது களவு என்று எம்மில் எவருக்கும் அப்போது தோன்றியதில்லை.

மெற்றல் உலகத்திலும் இதே கதை நடந்திருக்கின்றது. மெற்றாலிக்கா என்னும் பிரசித்தமான குழுவினர் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட மாதிரிப் பதிவுக் கசற்று, இரசிகர்கள் ஒருவருக்கொருவர் பிரதி செய்து தபாலில் அனுப்பியதனாலேயே நாடெங்கும் பரவிற்று. அவர்களுக்குப் பெயர் வந்தது அப்படித்தான். 2000ஆம் ஆண்டில், நாப்ஸ்ரர் என்னும் இணைய வழியாலே தங்கள் பாட்டுகள் சும்மா கைமாறுவதைக் கண்டு, அவர்களே வழக்குத் தொடுத்தனர். அவ்வாறு எடுத்தோர் என 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களைப் பட்டியலாகவுங் கொடுத்தனர். அவர்கள் பக்கத்து நியாயத்தை நாம் மறுக்கவில்லை. தாம் கொடாததைப் பிறர் எடுத்தால் எவருக்குங் கோபம் வரும். ஆனால் அந்தச் சண்டையைக் கண்டு வளர்ந்த தலைமுறையில் ஒருவர், எடுப்பவனைப் பிடிக்க ஓடாமல், கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனாரென்பது எமக்குப் புதுமையாயிருந்தது.

கதவைத் திறந்து வைத்தாரேயன்றிப் பெயரை விட்டுக்கொடுத்தாரல்லர். ‘கிரியேற்றிவ் கொமன்ஸ்’ என்றோர் உரிமை முறை 2002ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. முழு உரிமையையும் பூட்டிவைக்காமலும், முற்றாகத் துறந்துவிடாமலும், ‘பகிர்ந்துகொள், ஆனால் செய்தவர் பெயரைச் சொல்’ என்று உலகத்துக்கு அனுமதி எழுதிக்கொடுக்கும் முறை அது. ஷார்ப் தமது இசையை அம்முறையிலேயே விட்டார். அன்னதானம் இடுபவர்கூட உபயகாரர் பெயரைப் பலகையில் எழுதி வைக்கிறாரல்லவா? இதிலே குறை காண எமக்கு ஒன்றுமில்லை.

இன்னொரு சங்கதியைப் பிற்பாடு அறிந்து வியப்படைந்தோம். அந்தக் கடையிலே சும்மா கொடுப்பதற்கும் ஓர் அளவுண்டு. மாதமொன்றுக்கு 200 இலவசப் பிரதிகள்; அதற்குமேற் போனால், கொடுப்பவரே மேலதிகப் பிரதிகளுக்குக் காசு கட்ட வேண்டும். நாம் போட்ட பூச்சியம் அடுத்த பக்கத்திலே ஒருவருக்குச் செலவாக மாறக்கூடும் என்பதை அதுவரை நாம் நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த சில வாரங்களில், பையன் ஒரு சிறு தகட்டிற் பதித்துத் தந்தவற்றை எமது வீட்டிலே இராக்காலங்களிற் கேட்டோம். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை என்று பகல் கழிந்துவிடும். இரவிலே தூக்கம் வராது. எல்லாம் எமக்குப் பிடித்தன என்று பொய் சொல்லமாட்டோம். சில உருப்படிகள் தொடங்கிய இடத்திலேயே நின்று கால் மாற்றிக்கொண்டிருப்பதுபோலத் தோன்றின. இயந்திர மேளம் சில இடங்களில் மிகவும் ஒழுங்காயிருக்கின்றது. களைப்பறியாதவன் அடிக்கும் அடியிலே ஒரு வெறுமை உண்டு. 2011ஆம் ஆண்டில் வெளியான ‘லெற் யுவர்செல்வ் பீ ஹியூஜ்’ என்னும் அமைதியான தொகுதியே எமது வயதுக்கு ஒத்ததாயிருந்தது. இரும்புச் சத்தம் பெரும்பாலும் அடங்கி, கிற்றார் கிற்றாராகவே பேசும் தொகுதி அது. மருமகனுக்கு அதைச் சொன்னபோது, “அது வயசுபோன ஆக்களுக்கு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

ஆயினும் எம்மை உலுக்கியது 2010ஆம் ஆண்டில் வந்த ‘பீக்கன்ஸ்’ என்னும் தொகுதி. அதிலுள்ள உருப்படிகளிற் பெரும்பாலானவற்றுக்கு இட்ட பெயர்கள், விபத்துக்குள்ளான விமானங்களின் ஒலிப்பதிவுப் பெட்டிகளிலே கிடைத்த கடைசி வார்த்தைகள். பாட்டுக்குரல் இல்லாத இசைக்கு, குரலடங்கியோரின் சொற்களைத் தலைப்பாக வைத்திருக்கிறார். ஒருவர் கடவுளை அழைக்கிறார். இன்னொருவர் விமானம் கவிழப்போவதாக அறிவிக்கிறார். வேறொருவர் தமக்குப் பயமாயிருந்ததென்று இப்போதுதான் ஒப்புக்கொள்கிறார். இதனை அறியாமற் கேட்டபோது வெறும் முழக்கமாயிருந்தது, அறிந்து கேட்டபோது நடுராத்திரியில் எழுந்து உட்காரச் செய்தது.

அவற்றுள் ஒரு தலைப்பு, ஒரு துணை விமானி தம் மனைவியின் பெயரைச் சொல்லி அன்பைத் தெரிவிப்பது. 1995ஆம் ஆண்டு ஆவணி மாதம், அத்திலாந்தா நகரிலிருந்து புறப்பட்ட ஒரு சிறிய விமானத்தின் சுழல்விசிறி இதழொன்று நடுவானில் முறிந்தது. ஜோர்ஜியா மாநிலத்து வயலொன்றிலே விமானம் விழுவதற்குச் சற்றுமுன் பெட்டியிற் பதிந்த வார்த்தை அது. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னவர் இறக்கவில்லை. கடுமையான தீக்காயங்களோடு பிழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் மறுபடியும் விமானம் ஓட்டினார். அதில் இருந்த 29 பேரிற் பெரும்பாலோரும் பிழைத்தனர். கடைசி வார்த்தை என்று உலகம் குறித்துவைத்தது கடைசியாயிருக்கவில்லை. இதை அறிந்த பின்னர் அந்த உருப்படியை நாம் எத்தனை முறை கேட்டோமென்று கணக்கில்லை. நாடு முழுவதும் விழுந்துகொண்டிருப்பதுபோலத் தோன்றிய மாதங்கள் அவை.

ஒரு தொகையை எழுதிவிடலாமே என்று அப்போது எமக்கு உண்மையாகவே தோன்றிற்று. ஆனால் வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டினால் எமது வங்கி அட்டை ஒரு டொலரையும் வெளியே அனுப்ப மறுத்தது. விலை வைத்து விற்கும் இசைத்தட்டாயிருந்தால் அன்று அது எமது கைக்கு எட்டியிராது. பூச்சியம் எழுத இடம் இருந்தபடியால் எட்டிற்று. வள்ளலுக்கு யார் வாங்குகிறார்கள் என்பது தெரியாது. வாங்கியவன் எந்த நிலையில் இருந்து வாங்கினான் என்பதும் தெரியாது.

இவ்வளவில் மருமகனும் சும்மா இருக்கவில்லை. மின்சாரம் வரும் நேரங்களிலே, சில நாட்களில் நள்ளிரவுக்குப் பின்னர், கிற்றாரைக் கணினியிற் கொளுவித் தானும் நாலு உருப்படிகள் செய்துவிட்டான். ஆவணி மாதம் எமக்குக் கொண்டுவந்து கேட்பித்தான். இரண்டு உருப்படிகள் ஷார்ப்பின் நிழலிலேயே நடந்தன. மூன்றாவது பரவாயில்லை. நாலாவதின் நடுவே மேளம் முழுவதும் நின்று, ஒரே தந்தி தனியே நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும் இடமொன்று இருந்தது. “இதென்னடா?” என்று கேட்டோம். “கரண்ட் போன சத்தம் மாமா” என்றான்.

அதை இணையத்திலே சும்மா விடப்போகிறேன் என்று அவன் சொன்னதும் வீட்டிலே மறுபடியும் வழக்கு. “கிற்றாருக்கு எவ்வளவு குடுத்தது? கொம்பியூட்டருக்கு எவ்வளவு குடுத்தது? இவர் கர்ணன், சும்மா குடுக்கப்போறார்!” என்றாள் தங்கை. இம்முறை நாம் தங்கையின் பக்கம் சேர்ந்தோம். அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. ‘உழைப்புக்கு மதிப்பு வேண்டும், நீயே உன் பொருளுக்குப் பூச்சியம் போட்டால் ஊரான் எப்படி மதிப்பான்? ஒரு டொலராவது போடு’ என்று, பங்குனியிலே சொல்லாமல் மிச்சம் வைத்திருந்த புத்திமதியையெல்லாஞ் சேர்த்துச் சொல்லி முடித்தோம். பென் ஷார்ப்பிடம் பூச்சியத்துக்கு வாங்கி இராப்பகலாய்க் கேட்டுக்கொண்டிருந்த அதே வாயாற் சொன்னோம்.

மாமன் சொல்லைப் பையன் தட்டவில்லை. ஒரு டொலர் போட உட்கார்ந்தான். அரைமணி கழித்து எம்மைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். விற்ற காசு வந்து சேர, உலகெங்கும் புழங்கும் ஓர் இணையப் பணச்சேவையிலே கணக்கு இருக்க வேண்டும். இலங்கையில் இருந்தவர்கள் அந்தச் சேவையின் வழியே வெளிநாட்டுக்குக் காசு அனுப்பலாம்; வெளிநாட்டுக் காசை அதிலே பெற்றுக்கொள்ள இயலாது. கொடுக்கலாம், வாங்கவியலாது. நாமிருவரும் அந்த வசனத்தைப் பலமுறை வாசித்தோம். வேறு வழியுண்டா என்று தேடினோம். பிறநாட்டிலுள்ள உறவினர் பெயரிற் செய்யலாமென்று நாம் சொல்ல, பையன் மறுத்துவிட்டான். ஆகவே விலையென்னும் இடத்திற் பூச்சியமே போடப்பட்டது.

அன்றிரவு எமக்கு ஒரு கேள்வி எழுந்தது. இன்றும் அது தீர்ந்தபாடில்லை. கொலம்பஸ் நகரத்து மனிதருக்கு விற்கக் கதவிருந்தது. அவர் விற்பதை விட்டுக் கொடுத்தார். எங்கள் பையனுக்கு அந்தக் கதவே இல்லை. இரண்டு பக்கத்திலும் திரையிலே தெரிவது ஒரே பூச்சியம். ஆனால் ஒன்றைக் கொடை என்று சொன்னால் மற்றதை என்னவென்று சொல்வது? மருமகனிடமே கேட்டோம். “விக்க ஏலுமெண்டால் வித்திருப்பியோ, சும்மா விட்டிருப்பியோ?” அவன் நெடுநேரம் யோசித்தான். இளைஞர்கள் இத்தகைய கேள்விக்கு வீறாப்பாக மறுமொழி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தோம். “தெரியேல்லை மாமா. விக்க ஏலுமெண்டு வந்தாப்பிறகுதான் தெரியும்” என்றான்.

அந்த நாலு உருப்படிகளையும் முதல் மாதத்தில் 31 பேர் எடுத்தார்கள். தங்கை அந்த எண்ணைக் கேட்டுச் சிரித்தாள். பையனோ, எங்கேயோ தென்னமெரிக்காவிலிருந்து ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார் என்று இரவு ஒன்பது மணிக்கு எமக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினான். நாலாவது உருப்படிக்குத் தந்தியை எந்தச் சுருதிக்கு இறக்கினாய் என்று அவர் கேட்டிருந்தார். அதற்கு மறுமொழி எழுத அவன் இரண்டு நாள் எடுத்தான். பௌதிகவியல் வினாவொன்றுக்கு அவ்வளவு சிரத்தை காட்டியிருந்தால் தாயார் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்க வேண்டியதில்லை.

தனியறையில் ஒருவர் தமக்கென்று செய்தது அப்படித்தான் பிறரைத் தேடிப் போகிறது போலும். ஷார்ப்பின் வரலாற்றிலும் அவ்வாறொன்று நடந்தது. ஆண்டுக்கணக்காக மேடையேறாமல் இருந்தவர் 2014ஆம் ஆண்டில் மேடை ஏறினார். இன்ரோனோட் என்னும் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் குழுவினர், தங்கள் சொந்தக் கச்சேரியையும் வைத்துக்கொண்டு, அவருடைய உருப்படிகளைப் பாடம் பண்ணி அவரோடு கூட நின்று வாசித்தார்கள். கணினி அடித்த மேளத்தை மனிதக் கை அடித்தது. அந்த ஒலிப்பதிவும் வெளிவந்துள்ளது. மருமகன் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினான். மனிதன் அடிக்கும்போது சில இடங்களில் மயிரிழை முந்துகின்றது, சில இடங்களிற் பிந்துகின்றது. எமக்கு அதுவே பிடித்தது. அவனுக்குக் கணினியே பிடித்தது. அந்த வழக்கும் தீரவில்லை.

உயர்தரப் பரீட்சை 2023ஆம் ஆண்டு தை மாதத்தில் தொடங்கிற்று. பெறுபேறு தங்கை பயந்த அளவுக்கு மோசமுமில்லை, நேர்த்தி வைத்த அளவுக்கு உயர்ந்ததுமில்லை. பையன் இப்பொழுது தென்னிலங்கையில் ஒரு பல்கலைக்கழகத்திற் படிக்கிறான். கிற்றாரையும் கொண்டுதான் போனான். விடுமுறைக்கு வந்தால் புதிதாகச் செய்ததைக் கேட்பிப்பான். அதுவும் சும்மாதான் போகின்றது. நாம் விலையைப் பற்றிப் பேசுவதில்லை.

2024ஆம் ஆண்டில் வங்கி அட்டைக்கு இருந்த தடை தளர்ந்ததை அறிந்தவுடன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தங்கை வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, கைத்தொலைபேசியில் அந்தக் கடையைத் திறந்தோம். ஐந்து தொகுதிகள் எடுத்திருந்தோம். தொகுதிக்கு 5 டொலர் வீதம் 25 டொலர், ஏறக்குறைய 7,500 ரூபா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டத்தில் ஒவ்வொன்றாக எழுதினோம்.

“அண்ணை, என்ன வாங்கிறியள்?” என்று தங்கை கேட்டாள்.

“ரண்டு வருசத்துக்கு முதல் எடுத்ததுக்குக் காசு கட்டுறன்.”

“அது சும்மா எல்லோ தந்தவங்கள்?”

“ஓம். சும்மாதான்.”

“பிறகேன் காசு?”

எமக்கு மறுமொழி வரவில்லை. அவள் எம்மை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தேநீர் கொண்டுவர உள்ளே போனாள். அன்று மாலை மருமகன் தொலைபேசியில் வந்தபோது தாயே இதை முறைப்பாடாகச் சொல்லியிருக்கிறாள். போனை எம்மிடம் தந்தாள். அங்கே விடுதி மாணவர் சத்தம் கேட்டது; யாரோ மேசையிலே தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மாமா, ரண்டு வருசத்து வட்டியையும் சேர்த்தோ கட்டினனீங்கள்?” என்றான் பையன்.

நாம் வட்டி கணக்குப் பார்க்கவில்லை.